வானம் பார்த்த சக்கரங்கள்

வானத்தைப் பார்த்து நின்ற சக்கரத்தின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். தையற்காரம்மா அதை உருவி எடுத்து, ஓங்கி ஒரு உதறு உதறி, முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரோடது இது?"

துக்கத்துக்கு வந்தவர்கள் துணுக்குற்றார்கள். புருஷனை முன்னறையில் கிடத்தியிருக்கும்போது பெண்டாட்டி வெளியே வந்து குரல் எழுப்பினால் அது அழுகையாகத்தான் இருக்கும் என்று நம்பி, தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் பாதி எழுந்தே விட்டார்கள். காலையிலிருந்து எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். 'இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே' என்ற ரகசியம் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்து போயிருந்தது.

"என்னோடதுதான் அண்ணி," என்றார் செத்தவரின் தம்பி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போய் வெகுகாலமாகியும் அவர் வீட்டுப் பூனைகூட அவரை மேனேஜர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. "முகம் கழுவினேன். இது சும்மாதான கிடக்குன்னு..."

"சும்மாவா கிடக்கு? மாசக்கணக்கா வெயில்ல வெந்து செஞ்சாரு உங்க அண்ணன். நீங்க துண்டு காயப்போடறதுக்குத்தான் செஞ்சாருன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு!"

துண்டு பறந்து வந்து மேனேஜரின் மடியில் விழுந்தது. படக்கூடாத இடத்தில் ஈரம் படர்ந்துவிட்டதால் அவர் அதற்குப் பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

துண்டு காய்ந்த அந்த வஸ்து, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டியின் அடிச்சட்டம். சதுர இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி, பெரிய கட்டில் அளவுக்கு நீளமாக, முன்பக்கம் இரண்டு கைகள் கூம்பி ஒரு கொக்கியில் முடிகிற மாதிரி செய்தது. இதன்மேல் பலகைச் சுவர் எழும்பும், கூரை வரும், ஒரு ஜன்னல் வரும், சின்னதாக ஓர் அடுப்பும் இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தையும் வரும் என்று, இப்போது முன்னறையில் கிடக்கிற டிரைவர் சொல்லியிருந்தார். இதுவரை வந்தது சட்டமும் ஸ்பிரிங்கும் அச்சும் இரண்டு சக்கரங்களும்தான். அதுவும் நான்கு மரத் தாங்கிகளின் மேல், மல்லாந்துபோன ஆமை மாதிரி தலைகீழாக.

ஊர் பஸ்களில் பாதியை டிரைவர் ஓட்டியிருக்கிறார். மீதிப் பாதிக்கு வழிவிடாமல் ஓட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டோடு அடங்கித்தான் கிடந்தார். இந்த யோசனை அவர் மண்டைக்குள் ஏறியதற்குக் காரணமே மேனேஜர்தான். மேனேஜர் மகள் கல்யாணத்துக்குப் போனபோது, "உங்களுக்குன்னு தனி ரூம் ஒதுக்கியிருக்கோம்" என்று கூட்டிப் போய்ப் படுக்க வைத்தது, வெங்காய மூட்டை அடுக்கியிருந்த சாமான் அறையில். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே டிரைவர் ஒருக்களித்துச் செருகப்பட்டார். புரண்டு படுக்க வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய், திரும்பி நின்று, பின்பக்கமாக உள்ளே வரவேண்டும். விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கண்ணீர் தாரை தாரையாக வழிய வெளியே வந்தார்கள். 'பெரியப்பா பெரியம்மாவுக்கு எவ்வளவு பாசம் பாருங்க, பொண்ணைப் பிரியப் போறோமேன்னு எப்படி அழறாங்க' என்று மாப்பிள்ளை வீட்டார் உருகிப் போனார்கள். மேனேஜரின் மனைவி மட்டும், "தூக்கம் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இனிமே எவன் வீட்டுக்குப் போனாலும் நம்ம கட்டிலோட போறோம்டி," என்றார் டிரைவர், திரும்பி வரும் வழியில். உடம்பெல்லாம் வெங்காய வாசம். "அவன் கேட்டுக்கு நேரா நிறுத்துவேன். காலைல கதவைத் திறந்து, பல்லு விளக்கிக்கிட்டே, 'என்ன தம்பி, தூக்கம் வசதியா இருந்துச்சா'ன்னு நான் கேட்பேன் அவனை!"

அந்த வாரமே இரும்பு வந்து இறங்கியது.

அவர் ஒட்டினார், அவள் அளந்தாள். சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க, மூலைக்கு மூலை குறுக்காக டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சட்டம் நேர். முதல் தடவை ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தது. "விரற்கடைதான, ரோட்டுல போறப்போ எவன் இறங்கி அளக்கப் போறான்," என்றார் டிரைவர். "அந்த விரற்கடையிலதான் சட்டை தோள்ல உட்காருது," என்று சொல்லிவிட்டு அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டிரைவர் முற்றத்திலேயே நின்று வெல்டிங் கம்பியிடமும் சுவரிடமும் நியாயம் கேட்டுப் பார்த்தார். இரண்டும் அவள் கட்சிதான் என்று தெரிந்ததும், ஒட்டியதை அறுத்து மறுபடி ஒட்டினார்.

துண்டு விவகாரம் முடிந்து அவள் உள்ளே போகத் திரும்பும்போது, மேனேஜர் அவள் மகனிடம் தலையைச் சாய்த்துப் பேசுவது காதில் விழுந்தது.

"அண்ணனுக்குக் கடைசியில கொஞ்சம் இங்க..." என்று நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக்காட்டினார். "பாரேன், சக்கரத்தை மேல வெச்சுக் கட்டியிருக்காரு. பாவம்."

"அதான் சித்தப்பா, சொல்லிட்டேன். பழைய இரும்புக்காரர் இன்னைக்கே வர்றாரு. எப்படியும் அம்மாவை எங்ககூடக் கூட்டிட்டுப் போயிடுவோம். இதை யாரு வெச்சுக்கிட்டு..."

தையற்காரம்மா நின்றாள். அவள் கோபத்தைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு: அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே திட்டினால் பயப்பட வேண்டாம், ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திட்டினால் வீட்டைக் காலி பண்ணிவிட வேண்டும். இப்போது அவள் கையில் எந்த ஊசியும் இல்லை.

"மேனேஜர் தம்பி," என்றாள். "நீங்க போட்டிருக்கீங்களே சட்டை, அதை எப்படித் தைப்பாங்க தெரியுமா?"

"எ... எப்படி அண்ணி?"

"உள்பக்கத்தை வெளிய வெச்சுத்தான் தைப்போம். தையல் முடிஞ்சதும் திருப்புவோம். நடுவுல வந்து பார்த்துட்டு, ஐயையோ சட்டை தப்பாயிடுச்சு, தையற்காரிக்குப் பைத்தியம்னு சொல்றவன், அம்மணமாத்தான் திரியணும்!"

நாற்காலிகளில் சிலர் இருமினார்கள். ஒருவர் இருமலை அடக்க முடியாமல் கேட்டுக்கு வெளியே போனார்.

"இதுவும் அப்படித்தான். அச்சையும் ஸ்பிரிங்கையும் மேல இருந்து வெச்சு இறுக்கினாத்தான் நேரா உட்காரும். இந்த வயசுல மல்லாக்கப் படுத்துக் கீழேயிருந்து ஒட்டுனா, நெருப்புப் பொறி கண்ணுல விழும். அதனால கவுத்துப்போட்டுச் செஞ்சாரு. செஞ்சு முடிச்சுட்டு என்ன கேட்டாரு? ஒரே ஒரு தடவை வந்து திருப்பிக் குடுங்கடான்னு கேட்டாரு. வந்தீங்களா?"

சட்டம் திருப்பக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டன. மேனேஜருக்கு இடுப்பு. மகனுக்கு மீட்டிங்; ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்டிங் வைக்கிற அப்படி ஒரு கம்பெனி உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. மருமகன் தினமும் ஜிம்முக்குப் போய் இரும்பு தூக்குகிறவன். அன்றைக்குக் காலுக்கு மட்டும் பயிற்சி செய்யும் நாள், கையால் எதையும் தூக்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, "இது பல்லைப் பிடுங்குற கை, சார்" என்றார், ஏதோ கோயில் சிலையைக் காட்டுகிற பக்தியோடு.

ஒவ்வொரு ஞாயிறும் டிரைவர் கேட்டில் நின்று பார்ப்பார். பிறகு திரும்பி வந்து, ஒட்டின இடத்தையே மறுபடி ஒட்டுவார். கடைசியில் அந்தச் சட்டத்தில் இரும்பைவிட ஒட்டு அதிகம்.

நேற்றுக் காலையும் ஞாயிறுதான். அவள் காப்பியோடு வந்தபோது அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்திருந்தார். வெல்டிங் முகமூடி முகத்தில் இறங்கியிருந்தது. அவள் காப்பியை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். வராதவனை ஏன் கூப்பிடணும், கூப்பிட்டவன் ஏன் கேட்டுல போய் நிக்கணும், மானம் ரோஷம் இருக்கா, உங்க தம்பி இடுப்பு என்ன தங்கத்துல செஞ்சதா என்று புருஷனின் வம்சத்தை வேரிலிருந்து நுனிவரை ஒரு சுற்று வந்தாள். வழக்கமாக இரண்டாவது வசவுக்கே முகமூடியைத் தூக்கிவிட்டுப் பல்லைக் காட்டுவார். நேற்று அவள் அத்தனையும் சொல்லி முடித்து, காப்பி ஆறிப்போச்சு என்பதையும் சொல்லி முடித்தாள்.

முகமூடி இறங்கியே இருந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பழைய இரும்புக்காரர் இரும்பு வெட்டும் கேஸ் டார்ச்சைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எங்கங்க ஐட்டம்?" என்று உற்சாகமாக உள்ளே வந்தார். நாற்காலிகளையும் முகங்களையும் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே முன்னறையையும் பார்த்தார். டார்ச்சைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஏங்க, சாவு வீடுன்னு சொல்லவே இல்லையே போன்ல!" என்று மகனிடம் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு இரும்பு வியாபாரியின் கிசுகிசுப்பு. நாலு வீடு தள்ளிக் கேட்டது. "இப்படி ஒரு நேரத்துலயா வெட்டச் சொல்வாங்க?"

"எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை," என்றான் மகன்.

"பிரச்சினை இருக்கு," என்றாள் தையற்காரம்மா. "இதை யாரும் வெட்டக் கூடாது. இதைத் திருப்பணும். திருப்பினப்புறம்தான் உங்கப்பா இந்த வாசலைத் தாண்டுவாரு."

"இப்பவாம்மா? வேன் வர்ற நேரம்மா!"

"இப்பத்தான். கூப்பிட்டப்பல்லாம் வராதவங்க இப்பத்தான ஒண்ணா வந்து உட்கார்ந்திருக்கீங்க? செத்தா வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, அந்த மனுஷன் போன மாசமே செத்து வேலையை முடிச்சிருப்பாரு!"

"அம்மா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்த்துக்கிட்டே இருக்காங்களே, அதைத்தான் நானும் சொல்றேன். எந்திரிச்சு வந்து ஒரு கை பிடிக்கச் சொல்லு."

யாரும் எழுந்திருக்கவில்லை. துக்க வீட்டில் அழலாம், மூக்கைச் சிந்தலாம், அடுத்தவன் வீட்டுக் கடனைப் பற்றிக்கூடப் பேசலாம். இரும்பு தூக்குவது எந்த முறையில் சேர்த்தி என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் போய் முன்னறைக் கதவின் குறுக்கே, நிலையில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டாள். டிரைவரைத் தூக்க வேண்டுமானால் முதலில் அவளைத் தூக்க வேண்டும். அதற்கு இந்தக் கூட்டம் போதாது.

பழைய இரும்புக்காரர் டார்ச்சைக் கழற்றி லாரியில் வைத்துவிட்டு வந்தார். சட்டையின் கையை மடித்தார். "நான் ஒரு மூலை பிடிக்கிறேன்மா," என்று கொக்கிப் பக்கம் போய் நின்றார்.

அவர் தனியாக நிற்பதைச் சகிக்க முடியாமல் மகன் எழுந்தான். அப்பாவின் வெல்டிங் கையுறை தாங்கியின் மேல் கிடந்தது. அதை எடுத்துத் தன் கையில் மாட்டப் போனவன், உள்ளே விரல் நுழைந்ததும் அப்படியே சிறிது நேரம் நின்றான். பிறகு கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் இரும்பைப் பிடித்தான்.

"மாப்பிள்ளை," என்றாள் தையற்காரம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இன்னைக்குக் காலுக்கா, கைக்கா?"

"இன்னைக்கு... லீவு அத்தை."

"ரொம்ப வசதி. அந்தப் பக்கம் போங்க. டாக்டர், நீங்களும் வாங்க. பிடுங்க வேண்டாம், புரட்டினாப் போதும்."

"அண்ணி, எனக்குத்தான் இடுப்பு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"கீழ விழுந்த பிஸ்கட்டைக் குனிஞ்சு எடுத்துச்சே உங்க இடுப்பு. நான்தான் பார்த்தேனே."

மேனேஜர் எழுந்தார். ஈரத்தை மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய், ஆகக் கனம் குறைந்த இடம் எது என்று வங்கிக்கே உரிய அனுபவத்தோடு கண்டுபிடித்து நின்றார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"ஒரு பக்கமாத் தூக்கி முதல்ல நிமிர்த்தணும்," என்று அவள் வாசலில் இருந்தே சொன்னாள். "நிமிர்ந்ததும் பாதிப் பேரு அந்தப் பக்கம் போயிடணும். அவசரப்பட்டு விட்டுடாதீங்க, அச்சு கோணினா உங்களை எல்லாம் கோணலாக்கிடுவேன்."

தூக்கினார்கள். பெருமூச்சும் முனகலும் பட்டன் தெறிக்கும் சத்தமும் கேட்டன. சட்டம் மெல்ல எழுந்து விளிம்பில் நின்றது, ஆட்களைவிட உயரமாக, சுவரில்லாத வீட்டின் பெரிய வாசற்கால் மாதிரி. மகன் அந்தப் பக்கம் நின்று பிடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். இரும்பின் நடுவெளி வழியே வாசல் தெரிந்தது, அம்மாவின் தலை தெரிந்தது, அவளுக்குப் பின்னால் முன்னறையில் அப்பாவின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "பிடி, பிடி, விட்டுடாத!" என்று மருமகன் கத்தியதில் அது போய்விட்டது.

"மெதுவா... மெதுவா... இறக்குங்க..."

சக்கரங்கள் தரையைத் தொட்டன. கனம் இறங்க, ஸ்பிரிங்குகள் கொஞ்சம் அமிழ்ந்து, மறுபடி மேலே வந்தன. நின்றது. எல்லாரும் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார்கள். கைதட்டலாமா என்று ஒருவர் யோசித்து, இடம் பொருள் ஏவல் கருதிக் கையைப் பிசைந்துகொண்டார். டாக்டர் தன் உள்ளங்கையில் ஏறியிருந்த துருவைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேனேஜர் அதைக் கவனித்தார். "அண்ணி, பாதை!"

கவிழ்ந்திருந்ததைப் புரட்டினால் அது ஒரு வண்டி அகலம் தள்ளித்தான் போய் விழும் என்பதை அத்தனை பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. வாசலிலிருந்து கேட்டுக்குப் போகும் சிமென்ட் பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் மரத் தாங்கிகளும் நாற்காலிகளும் என்று சட்டம் நடுவில் ஜம்மென்று நின்றது. கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றுவிட்டது. வேன்காரர் இறங்கி, சட்டத்தைப் பார்த்து, அதற்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டிருந்த மொத்தக் குடும்பத்தையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மறுபடி அந்தப் பக்கம் கவுத்துடலாமா?" என்றார் மேனேஜர்.

தையற்காரம்மா எழுந்து வந்தாள். மைத்துனரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, சக்கரம் எதுக்கு இருக்கு?"

கேட்டில் அடிபடும், தூணில் இடிக்கும் என்று ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். கேட்டை அளந்தவள் அவள்தான். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை விட்டு, சட்டம் தூண்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. முன்னால் கொக்கியைப் பிடித்திருந்தாள் அவள். தெருவில் இறங்கியதும் மகன் பழைய இரும்புக்காரரின் தோளைத் தொட்டு, "மன்னிச்சிடுங்க, வீணா வரச் சொல்லிட்டேன்," என்றான். "இதை நீங்க..."

"இது இரும்பு இல்லீங்க, வண்டி," என்றார் அவர், நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே. "வண்டி நான் எடுக்கறதில்லை."

பாதை காலியானதும் டிரைவரைத் தூக்கி வந்தார்கள். சற்று முன் இரும்பு தூக்கிய அதே கைகள்தான். அதனால் பழகியிருந்தது, யாரும் தடுமாறவில்லை, யாரும் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. வேனில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"நீயும் ஏறும்மா," என்றான் மகன்.

"நான் வரலை. இதை நடுத்தெருவுல விட்டுட்டு யாரு வர்றது?"

"அப்புறம் நம்ம வீட்டுக்கு..."

"வர்றேன். யாரு வரலைன்னு சொன்னா? கட்டிலோட வர்றேன். உன் வாசல்ல நிறுத்திக்கறேன்." அவள் குரலில் இன்னமும் சூடு இறங்கவில்லை. "மேல பலகை அடிக்க ஞாயித்துக்கிழமை ஆள் வேணும். மீட்டிங் இருந்தா இப்பவே சொல்லிடு."

மகன் மீட்டிங் இல்லை என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறினான்.

தெரு குறுகல். துக்கத்துக்கு வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் அடைத்து நின்றன. சட்டம் முன்னால் நின்றதால் வேனுக்குப் போக வழி இல்லை. முனைவரை போனால்தான் அகலம் வரும். தையற்காரம்மா கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். இழுக்க இழுக்கச் சட்டம் ஆச்சரியமாக லேசாக வந்தது; ஒரு பக்கமும் சாயவில்லை, ஒரு பக்கமும் இழுக்கவில்லை, நேராக வந்தது. பின்னால் வேன் நடை வேகத்தில் ஊர்ந்தது. வேன்காரர் ஹாரன் மேல் கை வைக்கவில்லை.

முனையில் அவள் சட்டத்தை ஓரம் கட்டினாள். சக்கரத்துக்கு முன்னால் காலை வைத்து நிறுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தெருப் பக்கம் நீட்டி, பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடுகிற டிரைவர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி, உள்ளங்கையை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினாள்.

வேன் கொஞ்சம் தயங்கியது. பிறகு விலகி, அவளைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் கார்கள் போயின. கடைசிக் காரும் போய்த் தெரு காலியான பிறகும் அந்தக் கை நீண்டேயிருந்தது.